நாள் எழுதாத துண்டு

மேசை மேல் ஒரு வெள்ளை மாத்திரை கிடந்தது. எதிரே நின்ற பெண் அதை எடுக்கப் பார்த்தாள்.

வெளியே நீலகிரி நடுவட்டத்து மழை. பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று கையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவள் தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி டிஸ்பென்சரி தரையில் தேங்கியது. ஈரச் சாக்கும் டிஞ்சரும் பச்சைத் தேயிலைக் கொழுந்தும் கலந்த வாசனை. இன்றைக்கும் எங்காவது ஈரச் சாக்கு கிடந்தால் எனக்கு அந்தக் காலை நேரம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மாத்திரையைக் கிள்ளினாள். அது நழுவியது. மறுபடி கிள்ளினாள். விரல்கள் மாத்திரையைத் தாண்டிப் போய் ஒன்றையொன்று தொட்டன. தொட்டது அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து முறை.

ஆறாவது முறை கிள்ளவில்லை. உள்ளங்கையின் ஓரத்தால் மாத்திரையை மேசை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு வந்தாள். கீழே இடது கையை ஏந்தி, அதில் விழ வைத்தாள்.

"எடுத்துட்டேன் பாருங்கய்யா" என்றாள். சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. துண்டுப் புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்தேன்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் லயத்து வீடுகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் 'ஏலாதவங்க' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன். காங்கேயத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். 'அது என்ன சொல்? எங்கள் பக்கம் கேள்விப்பட்டதில்லை. திட்டுகிற சொல்லா, இரக்கப்படுகிற சொல்லா?' என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி நியாயமானது. பதில் எழுதாமல் நழுவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மனைவி சரோஜாதான் கடிதத்தை எடுத்து என் மூக்குக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு அந்தக் கதை தெரியும்.

ஏலாது என்றால் முடியாது, இயலாது. பழைய சொல். நான் டிஸ்பென்சரியில் மருந்தாளராக வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேர் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். அங்கே தேயிலை மலைகளில் பிறந்து வளர்ந்தவர்களை, இந்தியா உங்கள் நாடு என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பெட்டி படுக்கையோடு அவர்கள் சில சொற்களையும் கொண்டு வந்தார்கள். வரிசை வீடுகளுக்கு லயம். கையெழுத்துப் போட்ட சீட்டுக்குத் துண்டு. உடம்பு ஒத்துழைக்காததற்கு ஏலாது.

நானோ அவிநாசிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் உடம்பு தளர்ந்தவரை 'அவுருக்கு இப்ப ஆவறதில்லீங்க' என்போம். டிஸ்பென்சரியில் உதவிக்கு இருந்த ஆயா கூடலூர்ப் பக்கம். குளிர் காலத்தில் மூட்டைப் பிடித்துக்கொண்டு 'வய்யா' என்பார். ஆபீசில் இந்த மூன்றும் செல்லாது. அங்கே ஒரே சொல்தான், அன்ஃபிட். தேயிலை உருட்டும் மெஷினுக்கும் அதுதான், பழைய லாரிக்கும் அதுதான், மனிதர்களுக்கும் அதுதான்.

இவற்றில் ஏலாது என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு நடைமுறை இருந்தது. யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் அதை வெறுமனே சொல்லவே மாட்டார்கள். முன்னால் ஒரு நாளை வைப்பார்கள். 'இன்னைக்கி ஏலாதுங்க.' 'ரெண்டு நாளா ஏலாதுங்க.' உயிருள்ள இன்னொருவரைப் பற்றி, மேஸ்திரியோ ஆபீஸ் ஆளோ பக்கத்தில் இருக்கும்போது, அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டார்கள். நாள் குறிக்காமல் ஒருவரை ஏலாது என்று சொன்னால், அவர் இனி எழுந்து வரப்போவதில்லை என்று அர்த்தம். செத்துப்போனவர்களைப் பற்றித்தான் அப்படிப் பேசுவார்கள். 'கடைசியில ஏலாமக் கெடந்தாரு.'

ஆக, வாசகிக்குப் பதில் இதுதான். அது திட்டும் இல்லை, இரக்கமும் இல்லை. யார் சொல்கிறார்கள், யார் காதில் விழுகிறது, முன்னால் ஒரு நாள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தெய்வானை

மாத்திரையைத் தள்ளி எடுத்த பெண்ணின் பெயர் தெய்வானை. வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் இங்கே வந்த இரண்டாம் வருஷமே நெஞ்சு அடைத்து இறந்துவிட்டார். ஒரே மகள் விஜயா. ஊட்டியில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் அவள்தான்.

விஜயா லீவுக்கு வந்தால் லயத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள். நான் ரவுண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். கரிக்கட்டையால் சுவரில் எழுதி, புடவைத் தலைப்பால் அழித்துவிடுவாள்.

படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. தெய்வானை பேச்சுக்கு நாலு தரம் அதைச் சொல்லுவாள். "இன்னும் ஒரு வருசந்தாங்கய்யா" என்று.

அன்றைக்கு அவள் துண்டு கேட்டு வரவில்லை. விரலில் போட்டுக்கொள்ளக் களிம்பு கேட்டு வந்தாள். வலது ஆள்காட்டி விரல் நுனியில் பெரிய கொப்புளம். ரொட்டி சுடும்போது கல்லைத் தொட்டுவிட்டாளாம். தொட்டது எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"வாசம் வந்துச்சிங்க" என்றாள்.

எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. படித்துவிட்டு வந்த திமிர் கொஞ்சம், எல்லாருக்கும் நல்லது செய்துவிட வேண்டும் என்ற ஆசை கொஞ்சம். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு கேடு என்று அப்போது தெரியாது. தொழிலாளர்களை நான் 'வாங்க, போங்க' என்று கூப்பிடுவதே தோட்டத்தில் பெரிய பேச்சாக இருந்தது. 'ஏனுங்கம்மா' என்று நான் ஒருத்தியைக் கூப்பிட்டதைக் கேட்டு மேனேஜர் சிரித்தாராம். தோட்டத்தில் அவருக்குத் தொரை என்று பெயர். சுதந்திரம் வந்து, வெள்ளைக்காரர் போய், பொள்ளாச்சிக்காரர் வந்தும் தொரை என்ற பெயர் மட்டும் போகவில்லை.

கொப்புளத்துக்குக் களிம்பு போட்டுக் கட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. விரலில் ஊசி நுனியால் லேசாகத் தொட்டேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதன் பிறகுதான் மேசையில் மாத்திரையை வைத்து எடுக்கச் சொன்னேன்.

"நல்லதுதான் எழுதறேன்"

துண்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள். பெயர், லயம் நம்பர், என்ன சுகவீனம், எத்தனை நாள்.

"ஒரு நாளைக்கிப் போடுங்கய்யா" என்றாள் தெய்வானை. "இன்னைக்கி ஏலாதுன்னு. நாளைக்கி வேலைக்கிப் போயிருவேன்."

"ஒரு நாள்ல சரியாவறது இல்லீங்கம்மா இது. நரம்பு. கொழுந்து எடுக்கவே கூடாது."

"என்னா எழுதுறீங்க?"

"உங்களுக்கு நல்லதுதான் எழுதறேன்."

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் இங்கிலீஷில் எழுதினேன். இந்தப் பெண்ணின் வலது கை இனிக் கொழுந்து வேலைக்கு ஆகாது, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கவும் என்று எழுதினேன். நாள் கட்டத்தைக் காலியாக விட்டேன். நிரந்தரமான ஒன்றுக்கு எத்தனை நாள் என்று எழுதுவது.

இதற்கு முன்னால் நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே கை போனவர்கள், கண் போனவர்கள் எல்லாம் பிள்ளைக் காப்பகத்தில் தொட்டில் ஆட்டுவார்கள். நாற்றுப் பைக்கு மண் நிரப்புவார்கள். ரிட்டயர் ஆகும் வரை அதே வேலை, அதே வீடு. எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த கட்டிடம்தான் ஆபீஸ்.

வழக்கமாகத் துண்டை நோயாளி கையில்தான் கொடுப்போம். அன்றைக்கு நானே ஆபீசுக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். தெய்வானைக்கு மேஸ்திரியே வந்து நல்ல சேதி சொல்லட்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

சேதி மறுநாள் வந்தது. அந்தத் தோட்டத்தில் லைட் வேலை மூன்று மாதம்தான். மூன்று மாதத்தில் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்ப முடியாதவர்களின் பேரை வேலைப் பதிவேட்டிலிருந்து வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போகும். அந்த வீட்டில் பதினெட்டு வயது ஆனவர் யாராவது அதே பேரில் வேலைக்கு ஏறினால் வீடு தங்கும். நாள் எழுதின துண்டு கிளார்க்கோடு நின்றுவிடும். நாள் எழுதாத துண்டு நேராகத் தொரை மேசைக்குப் போகும்.

விஜயாவுக்குப் பதினெட்டு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கை போடுவது

அந்த வாரம் ஒருவரும் டிஸ்பென்சரிக்கு வரவில்லை. மழைக் காலத்தில் காய்ச்சல்காரர்கள் வராண்டாவில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வராண்டா காலியாகக் கிடந்தது. ஆயா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்காம் நாள் அஞ்சலை வந்தாள். மலையில் தெய்வானைக்குப் பக்கத்து நிறைக்காரி. நிறை என்பது தேயிலைச் செடிகளின் வரிசை. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறை, அதில் அவள்தான் எடுக்க வேண்டும். அஞ்சலைக்கு நோய் ஒன்றும் இல்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஒன்றரை வருசமா அக்காவுக்கு அந்தக் கை இல்லீங்க. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"நாங்க இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். போற வரத்துல ஆளுக்கு ரெண்டு கைக் கொழுந்து அக்கா கூடையில போட்டுருவோம். அக்கா கை செடி மேலயேதான் இருக்கும். தூரத்துல நின்னு பாத்தா எடுக்கிற மாதிரிதான் இருக்கும். எடை போடுறப்ப ஒரு நாளும் கொறஞ்சதில்ல."

"மேஸ்திரிக்குத் தெரியாதுங்களா?"

"அவரு பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு." தலைச் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கிளார்க்குக்கும் தெரியும். உங்களுக்கு மட்டுந்தாங்க தெரியாது."

அதற்குக் கை போடுவது என்று பெயராம். பிள்ளைத்தாச்சிக்குப் போடுவார்களாம், பிள்ளை பெற்று வந்தவளுக்குப் போடுவார்களாம், தாலி அறுத்து முதல் வாரம் வேலைக்கு வருகிறவளுக்குப் போடுவார்களாம். ஒருத்திக்குப் போட்டால் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவளிடமே கூடப் பேசக் கூடாது. தெய்வானையும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

"இப்பவும் போடலாமே?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். கோபமாகக் கூட இல்லை.

"கூடையே குடுக்க மாட்டேங்கிறாங்களே. கடதாசியில ஏறிப்போச்சுங்க."

அவள் போன பிறகு டிஸ்பென்சரியை உள்பக்கம் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷமாக நாற்பது ஐம்பது பேர் கை போட்டும் வாய் திறக்காமலும் தூக்கி நிறுத்திய ஒன்றை, ஒரு பேனாவை வைத்து ஐந்து நிமிஷத்தில் தள்ளிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, யாராவது வந்து திட்டினால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை.

தெப்பக்காட்டு யானை

இங்கே ஒரு யானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதைக்கு அது தேவையா என்று தெரியவில்லை. சொல்லாமல் போக மனம் இல்லை.

தொரையிடம் போய், தவறாக எழுதிவிட்டேன், துண்டைக் கிழித்துவிடுங்கள் என்று கேட்டேன். எழுதியது பொய்யா என்று கேட்டார். பொய் இல்லை என்றேன். பிறகு எதைக் கிழிப்பது என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். கடைசியில் ஒரு வழி சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து பெரிய டாக்டர் வருவார். அவர் பார்த்து வேலைக்கு ஆகும் என்று எழுதினால், என் துண்டு செல்லாது. டாக்டர் வர ஐந்து வாரம் இருந்தது.

அந்த ஐந்து வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜா, நான் வீட்டிலேயே அடைந்து கிடப்பதைப் பார்த்து, என்னைத் தெப்பக்காட்டுக்கு இழுத்துப் போனாள். யானை முகாமில் கிழ யானை ஒன்று நின்றது. காது ஓரம் கிழிந்து, நெற்றி குழி விழுந்து, கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. பாகன் களி உருண்டையை அதன் வாய்க்குள் திணித்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"இது இப்ப வேலை செய்யுதுங்களா?" என்று சரோஜா கேட்டாள்.

"அவ வேலை எல்லாம் முடிச்சிட்டாம்மா. மரம் இழுத்த காலத்துல இழுத்தா. இனி தின்னுட்டு நின்னாப் போதும்."

அதற்கு ஏலாது என்று அவர் சொல்லவில்லை. வேலை முடித்துவிட்டாள் என்றார். சரோஜா அதை ரசித்துச் சிரித்தாள். யானை மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், உண்மையிலேயே பொறாமைதான்.

கண்ணை மூடச் சொன்னார்

ஐந்து வாரமும் தெய்வானை பழகினாள். நான்தான் பழக்கினேன். டிஸ்பென்சரிக்கு வரச் சொல்லி, காலாவதியான மாத்திரைகளை ஒரு தட்டில் கொட்டிக் கொடுப்பேன். எடுத்து எடுத்துப் பாட்டிலில் போட வேண்டும். விரல் நுனியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெதுவாக அழுத்தினால் மாத்திரை நிற்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள். பார்வையை எடுத்தால் விழுந்துவிடும்.

"கண்ணு இருக்கிற வரைக்கும் கை இருக்குங்க" என்றாள். முதல் வாரம் நாலைந்துதான் எடுத்தாள். நான்காம் வாரம் ஒரு பாட்டில் நிறைந்தது.

என் மேல் கோபம் இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன்.

"கோவப்பட்டு என்னாங்க செய்ய. நீங்க நல்லதுன்னு நெனைச்சுதானே எழுதுனீங்க." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னையக் கேட்டிருக்கலாம்."

டாக்டர் வந்த அன்று நல்ல வெயில். தெய்வானை இஸ்திரி போட்ட ஜாக்கெட் அணிந்து வந்திருந்தாள். கொக்கிகளைத் தானே மாட்டியதாக என்னிடம் மெல்லச் சொன்னாள். விஜயாவும் ஊட்டியிலிருந்து வந்து வராண்டாவில் நின்றாள்.

நான் முன்கூட்டியே மேசை மேல் மாத்திரைகளையும் நாணயங்களையும் பரப்பி வைத்திருந்தேன். டாக்டர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்காரச் சொன்னார். கையை நீட்டச் சொன்னார்.

"கண்ணை மூடிக்கோங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள்.

டாக்டர் நடுவிரலைத் தொட்டார். அவள் பேசவில்லை. கட்டை விரலைத் தொட்டார். "சுண்டு விரல்" என்றாள். எதையும் தொடாமல் சும்மா இருந்தார். "இது ஆள்காட்டி விரல்" என்றாள். சொல்லிவிட்டு, சரிதானா என்று கேட்கிற மாதிரி கண்ணை மூடியபடியே முகத்தைத் தூக்கினாள்.

டாக்டர் எழுதினார். என்னிடம் இங்கிலீஷில், நீங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். இதுவரை ஒருவர் என்னைப் பாராட்டி அவ்வளவு வலித்ததில்லை.

விஜயாவிடம், படிப்பை விட வேண்டாம், அம்மா எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஒரு வருஷம்தானே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். சரோஜாவும் கூட வந்து சொன்னாள். விஜயா அம்மாவைப் பார்த்தாள். தெய்வானைதான் பதில் சொன்னாள்.

"உங்க வீட்டுல நான் என்னாவாங்க இருக்கிறது?"

 

மூன்று மாதம் முடியக் காத்திராமல், அடுத்த திங்கட்கிழமையே விஜயா அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவின் நிறையில் போய் நின்றாள். படிப்பில் பாதி, கொழுந்தில் புதுசு. முதல் மாதம் இரண்டு பக்கமும் கை போட்டார்கள் என்று கேள்வி. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தெய்வானை அதன் பிறகு எட்டு ஒன்பது வருஷம் இருந்தாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து அரிசியில் கல் பொறுக்குவாள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். உட்காருங்கம்மா என்று சொன்னாலும் உட்கார மாட்டாள்.

மூன்று நாள்

இப்போது என் கை நடுங்குகிறது. நான் சொல்லச் சொல்ல சரோஜாதான் இதை எழுதுகிறாள். டாக்டர் கண்ணை மூடச் சொன்ன இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, இதையும் பத்திரிகையில போடோணுமுங்களா?"

"அந்தம்மா கேட்டிருக்காங்கல்ல."

"அர்த்தம் கேட்டாங்க. இதையா கேட்டாங்க?" என்றாள். ஆனாலும் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

மிச்சம் கொஞ்சம்தான்.

வேலையை விட்டு வருவதற்கு முந்தின மாதம். தெய்வானைக்குத் துண்டு எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காய்ச்சலோடு வந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு மருந்தும் துண்டும் கொடுத்து அனுப்பினேன். மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல மறந்துவிட்டேன். கூப்பிடலாம் என்று வெளியே வந்தேன். துண்டு வாங்கினவர்கள் ஆபீஸ் இருக்கும் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் வலது பக்கம் திரும்பி மலை ஏறிக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே போனேன். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவள் நிறைகளுக்கு நடுவே போய் ஒருத்தியிடம் துண்டை நீட்டினாள். அந்த ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் கையைத் துடைத்தாள். துண்டை வாங்கிப் படித்தாள். தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகுதான் அந்தப் பெண் ஆபீசுக்குக் கீழே இறங்கினாள்.

படித்தது விஜயா. தலையில் நரை விழுந்திருந்தது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறையை விட்டு வெளியே வந்தாள்.

"துண்டை எதுக்குங்க உங்ககிட்ட காட்டறாங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"நாள் போட்டிருக்கான்னு பாக்கத்தாங்கய்யா."

"எப்ப இருந்து?"

"அம்மாவுக்கு எழுதுனதுல இருந்து. அம்மாதான் சொன்னாங்க, எல்லாத் துண்டையும் நீ படிச்சிட்டுக் குடுன்னு." சாக்கில் மறுபடி கையைத் துடைத்தாள். "தப்பா நெனைக்காதீங்க."

இருபது வருஷத்துக்கு மேல் நான் எழுதிய ஒவ்வொரு துண்டும் என் மேசையிலிருந்து மலை ஏறி, அவள் கண்ணைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போயிருக்கிறது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ட இடத்தில் எழுந்து நின்றார்கள், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து கரும்பு கொடுத்தார்கள், மருந்தய்யா என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் விஜயாவே டிஸ்பென்சரிக்கு வந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. தைலம் தடவிக் கட்டுப் போட்டேன். விரல்களை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தேன். ஊசியை எடுக்கவில்லை, மாத்திரையை மேசையில் வைக்கவில்லை.

"எப்படிங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"மூணு நாளைக்கி ஏலாதுங்கய்யா."

மூன்று நாள் என்று எழுதினேன். தமிழில், எழுத்தால் எழுதி, பக்கத்தில் எண்ணாலும் எழுதினேன். கிழித்து அவளிடம் நீட்டினேன்.

வாங்கி, என் எதிரிலேயே நின்று படித்தாள். வாசல் வரை போனவள், வெளிச்சத்தில் நின்று இன்னொரு முறை படித்தாள்.